எங்கள் வீட்டில் இல்லாத ஊஞ்சல்

எங்கள் வீட்டில் ஊஞ்சல் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல எனக்குத் தைரியம் இருக்குமோ இருக்காதோ.

என் நண்பன் ஒரு பழைய கார் வாங்கினான். மூன்று பேர் கைமாறி வந்த வெள்ளை வண்டி. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸைப் பத்து வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். அடுத்தவர் வண்டியே ஓட்டிப் பழகியவனுக்குச் சொந்த வண்டி வந்ததும் தலைகால் புரியவில்லை. உத்திரமேரூரில் நான் வைத்திருக்கும் உரக்கடைக்கு நேராக வந்து சாவியை மேஜைமேல் வைத்தான். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"கன்யாகுமரி வரிக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம், வர்றீங்களா?" என்றான்.

ஆள் இருந்தால் 'வர்றீங்களா', ஆள் இல்லாவிட்டால் 'வர்றியாடா'. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் ஊரிலிருந்து பள்ளிக்கூடம் போனேன், அவன் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனியிலிருந்து வந்தான், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன். அவன் வீட்டில் எத்தனையோ முறை கறிச்சோறு சாப்பிட்டிருக்கிறேன். அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் பின்பக்கம் மாட்டுக்கொட்டகை வரைதான். அம்மா அங்கேயே மோர் கொண்டுவந்து கொடுப்பார். உள்ளே வராதே என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நாற்பது வயதுவரை நானும் வாயைத் திறக்கவில்லை.

கிளம்பினோம். மதுராந்தகம் தாண்டும்வரை 'நீங்க' என்றே பேசிக்கொண்டு வந்தான். ஊர்க்காரர்கள் யாராவது சிக்னலில் பக்கத்தில் நின்றுவிடுவார்களோ என்கிற பழக்கம். அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறியதும், "இன்னாடா, பெல்ட்டு போட மாட்டியா? உனுக்கு வேற தனியா சொல்லணுமா?" என்று ஒரு அதட்டல் போட்டான். நாலு நாள் ஊர்சுற்றல் எனக்கு அந்த இடத்தில்தான் ஆரம்பமானது.

வண்டியில் ஏசி இருந்தது, ஆனால் காற்று அவன் பக்கம் மட்டும்தான் வந்தது. என் பக்கத்துத் துவாரத்தில் புழுதிதான் வந்தது. "ஓனருக்குத்தான் குளிரும்" என்று சிரித்தான். திருச்சியில் ஒருவழிப் பாதையில் மாட்டிக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையத்தையே மூன்று தடவை சுற்றினோம். மூன்றாவது சுற்றில் பூக்கடைக்காரம்மா எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

இதைவிட வேடிக்கை அவன் கால். பத்து வருஷம் பஸ் ஓட்டிய கால், எங்கே பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாலும் தானாகப் பிரேக்கில் போய் உட்கார்ந்துவிடும். மேலூரில் அப்படி நின்றபோது பெரியவர் ஒருவர் பின்கதவைத் திறந்து, "ஒத்தக்கடை போகும்ல?" என்று ஏறி உட்கார்ந்தே விட்டார். இறக்கிவிட எங்களுக்கு மனசு வரவில்லை. ஒத்தக்கடையில் இறங்கும்போது, "டிரைவர் தம்பி நிதானமா ஓட்டுறாப்ல. இந்த ஆளுதான் தொணதொணன்னு பேசிக்கிட்டே வர்றாரு" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். மதுரை முழுக்க அவன் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஜிகர்தண்டா குடிக்கும்போது புரையேறி என் சட்டையெல்லாம் தெறித்தது.

திருநெல்வேலி லாட்ஜில் ஒரே கட்டில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்ததும் அவன் போர்வையை எடுத்துத் தரையில் விரித்தான். எனக்கு முன்கோபம் அதிகம். "மேல வந்து படுடா. இன்னா, சீன் போட்டுக்கினு கீற?" என்று கத்தினேன். அவன் வந்து படுத்தான். ஐந்து நிமிஷத்தில் குறட்டை. நான் தூங்காமல் என்னையே மெச்சிக்கொண்டு கிடந்தேன். ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்டது மாதிரி இருந்தது. நெல்லையில் எங்களை யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அங்கே வீரம் காட்ட எனக்கு ஒன்றும் செலவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

கன்னியாகுமரியில் பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றான். "மூணு கடலும் ஒண்ணா சேருதுன்னாங்க, எங்கடா கோடு?" என்று கண்ணுக்குமேல் கையை வைத்துத் தேடினான். கோடெல்லாம் தெரியாது என்றேன். "அப்ப எவன் வந்து இது என்துன்னு சொன்னான்?" என்றான். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பமே சிரித்தது. அவன் இருக்கிற இடத்தில் சுற்றியிருப்பவர்களுக்கும் சந்தோஷம் ஒட்டிக்கொள்ளும். அங்கே எடுத்த போட்டோக்களை இப்போது பார்க்க முடியவில்லை. போனை மாற்றியும் அவற்றை அழிக்கவில்லை.

திரும்பும் வழியில் நாகர்கோவிலில் இளநீலச் சட்டை ஒன்று எடுத்துக்கொண்டான். திருநெல்வேலியில் அல்வாக் கடை வரிசையில் அரைமணி நேரம் நின்று இரண்டு பொட்டலம் வாங்கிவந்தான். "ஒண்ணு தங்கச்சிக்கு. ஒண்ணு உங்கம்மாவுக்கு" என்றான்.

அவனுடைய தங்கை மதுரைக்கு வெளியே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். சென்னையில் சித்தாள் வேலைக்குப் போன இடத்தில் மதுரைக்காரக் கொத்தனாரைக் கட்டிக்கொண்டு வந்தவள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்காரவைத்து, காலையிலேயே கோழிக்குழம்பு வைத்துச் சோறு போட்டாள். பரிமாறிக்கொண்டே அண்ணனைக் கேட்டாள்.

"ஊர்ல இந்த அண்ணா வூட்டுக்கு அடிக்கடி போவியாண்ணா?"

அவன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே சாவகாசமாகச் சொன்னான்:

"பின்ன? வாரத்துக்கு ஒரு தபா போவேன். கூடத்துல இம்மாம் பெரிய ஊஞ்சல் கீது. தேக்குப் பலகை. நான் போனா அதுலதான் உக்காருவேன். அவங்கம்மா காபி எடுத்தாந்து கையில குடுப்பாங்க."

"அம்மாடி!" என்றாள் அவள். அவள் புருஷன் பலகையின் அளவு கேட்டார். இவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். கூடத்துக்குப் பச்சை வர்ணம் அடித்தான், ஜன்னலுக்குக் கம்பி போட்டான், எங்கள் அம்மாவை ஒரு அம்மன் மாதிரி ஆக்கினான். தான் ஒரு நாளும் பார்க்காத வீட்டை, எனக்காக, அந்தத் தகரத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தான். நான் தலைகுனிந்து கோழியெலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். அது வெட்கம்தான். வேறு நல்ல பேர் வைக்கப் பார்த்திருக்கிறேன், எதுவும் பொருந்தவில்லை.

விராலிமலை பக்கம் வந்துகொண்டிருந்தோம்.

"ஊஞ்சலா?" என்று கேட்டேன்.

"வேற இன்னா சொல்றது? சின்னதுலேர்ந்து தங்கச்சிகிட்ட உன்னப் பத்தியே சொல்லி வச்சிக்கினு கீறேன். கொட்டாயில நின்னு மோர் குடிச்சேன்னா அது மனசு கஷ்டப்படும்" என்றான். கோபமில்லை, குத்தலில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இன்னிக்கு நம்ம வூட்ல சாப்ட்டுட்டுத்தான் நீ போற" என்றேன். "கூடத்துல. அப்பா இன்னா சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்."

அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாக்கலாம்" என்றான். ஆனால் திண்டிவனத்தில் டீக்கடைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டான். டிக்கியைத் திறந்து இளநீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பக்கக் கண்ணாடியில் குனிந்து தலை வாரினான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவன்கூட அத்தனை கவனமாக வாரியிருக்கமாட்டான். அல்வாப் பொட்டலம் நசுங்கியிருக்கிறதா என்று இரண்டு தடவை எடுத்துப் பார்த்தான்.

மதுராந்தகம் தாண்டியதும் மறுபடி 'நீங்க' வந்துவிட்டது. நாங்கள் இருவருமே அதைக் கவனித்தோம் என்று நினைக்கிறேன்.

ஊர் திருப்பத்தில் பால் சொசைட்டி. சாயங்காலப் பால் ஊற்றும் நேரம். சித்தப்பா நின்றிருந்தார், இன்னும் பத்துப் பதினைந்து பேர் கேனும் கையுமாக இருந்தார்கள். எங்கள் தெரு அங்கிருந்து நூறடி. எல்லோரும் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். லாட்ஜில் அத்தனை சுலபமாக வந்த கோபம் எங்கே போய்த் தொலைந்ததோ.

"இங்கயே நிறுத்து" என்றேன். "அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு போன் வந்துச்சி. இன்னொரு நாளு வச்சிக்கலாம்."

மதுரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து என் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது தெரியும். வண்டியை ஓரம்கட்டினான். பின்சீட்டிலிருந்து என் பையையும் அல்வாவையும் எடுத்துக் கொடுத்தான்.

"அம்மாகிட்ட குடுத்துடுங்க" என்றான். சட்டைக் காலரை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

அம்மாவிடம் அல்வாவைக் கொடுத்தேன். நான் வாங்கியது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது என்று நினைத்துவிட வேண்டாம். அவன் வழக்கம்போலக் கடைக்கு வந்தான், யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்தான், ஒத்தக்கடைப் பெரியவர் மாதிரி பேசிக்காட்டினான். பால் சொசைட்டியில் இறங்கிக்கொண்டதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நானும் அவனை வீட்டுக்குக் கூப்பிடுவதைப் பொங்கல் போகட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நாளுக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

எட்டே மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் கழுவிக்கொண்டிருந்தவன் நெஞ்சு வலிக்கிறது என்று முன்சீட்டில் போய்ச் சாய்ந்தானாம். செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சாவுக்குப் போனேன். அவன் பெரியப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்து எனக்குப் போட்டார். மற்றவர்கள் தரையில் இருந்தார்கள். அன்றைக்கும் நான் அதில் உட்காரத்தான் செய்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, பத்து மணி இருக்கும். கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ கூப்பிடுகிற சத்தம். போய்ப் பார்த்தால் அவன் தங்கை, இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். செருப்பைப் படிக்குக் கீழே விட்டிருந்தாள்.

"மத்தியானம் பஸ்சுக்குக் கெளம்புறேண்ணா" என்றாள். "போறதுக்கு மின்ன அண்ணன் உக்கார்ற ஊஞ்சல ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். டூர் போய்ட்டு வந்த அன்னிக்கு அம்மா அல்வாவ வாங்கிக்கினு, அண்ணன ஊஞ்சல்ல உக்கார வச்சி, வடை பாயசத்தோட சோறு போட்டாங்களாமே. போன்ல சொல்லிச்சி. புதுச் சட்டையில பாயசம் கொட்டிக்கிச்சாமே."

பால் சொசைட்டியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவன், அன்றைக்கு ராத்திரியே அந்த விருந்தை அவனாகவே நடத்தி முடித்திருக்கிறான்.

"உள்ள வாம்மா" என்றேன். அப்பா பேப்பரை இறக்கினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. "உள்ள வா" என்று மறுபடியும் சத்தமாகச் சொன்னேன்.

அவள் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று கூடத்தை எட்டிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். எத்தனையோ வீட்டுக்குத் தளம் போட ஜல்லி சுமந்தவள். மின்விசிறியைத் தவிர மேலே எதுவுமில்லை.

"கொக்கியே இல்லியேண்ணா" என்றாள்.

கழற்றி விற்றுவிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். அவன் கட்டிய வீட்டை அப்படியே நிற்கவிட்டிருக்கலாம். நாக்குவரை வந்தது. அவன் எனக்காகச் சொன்ன பொய்கள் போதும் என்று தோன்றியது.

"ஊஞ்சல் எப்பவும் கெடையாதும்மா" என்றேன்.

"அண்ணன் உள்ள வந்ததே இல்லியா?"

"இல்ல."

குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டமாட்டாளா என்று ஏங்கினேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாம்மா, வந்து ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போ" என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"வேணாண்ணா. அது பாக்காத கூடத்த நான் மட்டும் வந்து இன்னா பண்ணப் போறேன்?"

போய்விட்டாள். அன்றைக்குக் கார் நின்ற அதே திருப்பத்தில் வளைந்து மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு அம்மா பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"யாருடா அது?"

"அவன் தங்கச்சிம்மா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த அல்வா நான் வாங்கினது இல்ல. அவன்தான் வாங்கினான், உனக்குன்னு. அரைமணி நேரம் வரிசையில நின்னு வாங்கினான்."

அம்மா என் முகத்தையே பார்த்தார். ஞாபகப்படுத்திப் பார்க்கிறார் என்பது தெரிந்தது.

"எந்த அல்வா?" என்றார்.