பூத்ததை நம்பாத எல்வா

எல்வா பெசான்சனுக்கு எழுபத்தொரு வயது. கனடாவின் அன்னபோலிஸ் பள்ளத்தாக்கில் அவளைப் போல ஒரு பிடிவாதக்காரி கிடையாது, இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம். பனி கொட்டும்போதெல்லாம் ஒவ்வொரு ஆப்பிள் மரத்தடியையும் சுற்றிச் சுற்றி மிதித்து இறுக்குவாள். பனி பொலபொலவென்று கிடந்தால் எலி உள்ளே வளை பறித்து வந்து பட்டையைத் தின்றுவிடும். ஐம்பது வருஷமாக மிதித்தாள். இந்தக் குளிர்காலம் இடுப்பு ஆபரேஷன், படுத்துவிட்டாள். தம்பி லார்ன், தானே மிதிப்பதாகச் சொன்னான். மிதிக்கவில்லை, படுபாவி.

ஏப்ரலில் பனி உருகியதும் பார்த்தால், நாற்பது மரத்திலும் அடிப்பட்டையைக் காணோம்.

"போனது போச்சு அக்கா. புல்டோசர் விட்டுத் தள்ளிட்டுத் திராட்சை போடலாம். நிலத்துல எனக்கும் பாதி இருக்கே," என்றான் லார்ன்.

"பனியை மிதிக்கிறப்போ எங்கடா போச்சு அந்தப் பாதி? நான் ஒட்டுக் கட்டிப் பார்க்கிறேன். ஆகஸ்ட் முடியிறதுக்குள்ள ஒரு மரத்தைத் தொட்டே, காலை ஒடிச்சிடுவேன்."

"சரி, ஆகஸ்ட் கடைசி. அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

மொட்டு விரியுமுன் உச்சிக் குச்சிகளை வெட்டி, துளிர்த்துவிடாமல் குளிர்ந்த நிலவறையில் வைத்தாள். மே மாதம் பட்டை இளகியதும் வேலையைத் தொடங்கினாள். கடிபட்ட இடத்துக்குக் கீழே குச்சியின் ஒரு முனை, மேலே மறுமுனை, பட்டைக்குள் செருகி ஆணியடித்து மெழுகு பூசினாள். இலையின் சத்து வேருக்கு இறங்க ஒரு பாலம். மரத்துக்கு ஐந்து. குனிய முடியாது, ஈரத்தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்தாள்.

ஜூனில் நாற்பதும் பூத்துக் குலுங்கின.

"பொழச்சிடுச்சே!" என்று லார்ன் வாயைப் பிளந்தான்.

"சும்மா இரு. சாகப்போற மரமும் உள்ளே மிச்சமிருக்கிறதை வெச்சு ஒரு தடவை பூக்கும்."

பாரம் தாங்காதென்று பிஞ்சுகளையெல்லாம் கிள்ளி எறிந்தாள். கிழவிக்குப் பைத்தியம் என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே! ஜூலையில் ஒன்பது மரங்கள் கருகின. அப்போது மட்டும் அழுதாள்.

ஆகஸ்ட் கடைசியில் லார்ன் புல்டோசரோடு வந்து நின்றான். எல்வா அவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பென்சில் கனமிருந்த குச்சிகள் விரல் கனத்துக்குப் பருத்திருந்தன. அவன் ஒன்றைப் பிடித்து ஆட்டினான். அசையவில்லை.

"முப்பத்தொண்ணு தப்பிச்சது, ஒத்துக்கறேன். அந்த ஒன்பது?"

"பிடுங்கிட்டுப் புதுக் கன்னு வை."

"புதுசா? காய்க்க எட்டு வருஷம் ஆகுமே அக்கா! யாரு பறிக்கிறது?"

"நான்தான். நீ ஏணியைப் பிடி."