இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

அம்மனை நம்புகிற உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த அம்மனையே ஏமாற்றப் பார்த்தவன் நான். எழுதும்போதே கை கூசுகிறது.

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். விவசாயக் குடும்பம். நான் மட்டும் படித்து, கோயம்புத்தூரில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் ஆலோசகனாக இருக்கிறேன். எதை எப்படி விற்பது, யாரோடு என்ன ஒப்பந்தம் போடுவது என்று சின்னக் கம்பெனிகளுக்கும் விவசாயிகள் சங்கங்களுக்கும் சொல்லித் தருவது என் வேலை. போன வருடம் சித்திரைக்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். போக இடமில்லாமல் வாளையார் வரை வண்டியை ஓட்டி, டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். எனக்கு ஓயாத வேலை என்று ஊரே நினைத்தது. இப்படிக் கைவிட்டுவிட்டாயே தாயே என்று தினமும் அழுதேன்.

ஆடி மாதம் ஒரு மொத்த வியாபாரி கூப்பிட்டார். மூணாறுக்கு அப்பால் மலைமேல் இருக்கும் வட்டவடையில் விளையும் கேரட், கோஸ், பூண்டு எல்லாம் மூன்று வருடத்துக்குத் தனக்கு மட்டுமே வரவேண்டும், விலையை லாரியில் ஏற்றுகிற அன்று தானே சொல்வதாக எழுதிக் கையெழுத்து வாங்கித் தர வேண்டும் என்றார். ஏன் என்னைத் தேடி வந்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முந்தின வருடம்தான் வட்டவடைப் பெண்கள் சங்கத்துக்கு, இடைத்தரகர் இல்லாமல் விற்பது எப்படி என்று திட்டம் எழுதிக் கொடுத்திருந்தேன். சங்கத்தை நடத்தும் செல்வி என்னை வீடு வீடாகக் கூட்டிப் போனார். யார் எப்போது விதைக்கிறார்கள், யாருக்கு என்ன கஷ்டம், எதையும் என்னிடம் மறைக்கவில்லை. ஒரே விஷயத்தில் இரண்டு பக்கமும் நிற்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

அது தெரிந்தும், இந்த வேலையை எடுக்கலாமா என்று எங்கள் மாரியம்மன் கோயிலில் பூ கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்போம். எடுப்பது வெள்ளையாக இருந்தால் உத்தரவு, சிவப்பென்றால் வேண்டாம். பொட்டலம் கட்டியவன் நான். இரண்டிலும் வெள்ளையை வைத்தேன். வாய் மட்டும் "தப்பென்றால் தடுத்துவிடு தாயே" என்று வேண்டியது. எவ்வளவு கேவலம் பாருங்கள்.

என் மனைவி சுமதிதான் எடுத்தாள். வெள்ளை. பூசாரி சந்தோஷமாகத் திருநீறு கொடுத்தார். மிச்சமிருக்கும் செவ்வரளியை நாகருக்குச் சாத்தலாம் என்று அவள் மற்றதையும் பிரித்தாள். பார்த்துவிட்டு அப்படியே மடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"ஏனுங்க, அம்மங்கிட்ட கேக்க வேண்டாம்னா கேக்காமயே இருந்திருக்கலாமுங்க. என்ற கையாலயே பொய்ய எடுக்க வெச்சுட்டீங்களே."

அப்போதாவது நிறுத்தினேனா? இல்லை. அவள்மேல் எரிந்து விழுந்தேன். அடுத்த வாரம் உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போய், ஜீப்பில் வட்டவடைக்கு ஏறினேன். வழியெல்லாம் சுமதியின் முகம்தான். அந்த ஜீப்பில்தான் முதல் தடவையாக உண்மையாக வேண்டினேன். தாயே, இந்தக் குடும்பங்களை என் கையிலிருந்து காப்பாற்று, என் மானமும் போகாமல் பார்த்துக்கொள் என்றேன். மழை கொட்டி, கையெழுத்து வாங்கக் கூட்டியிருந்த சங்கக் கூட்டம் நின்றுபோகாதா என்று வானத்தைப் பார்த்தேன். வெயில் பளிச்சென்று அடித்தது.

கூட்டத்தில் ஒப்பந்தத் தாளை எல்லாருக்கும் கொடுத்தேன். அது மலையாளத்தில் இருந்தது. அவர்களில் பலருக்குத் தமிழ்தான் படிக்க வரும். செல்வி பேனாவைத் திறந்தவர், மூடிவிட்டு எழுந்தார்.

"சார், இதெல்லாம் நாங்க படிக்கல. உங்க வீட்டு நெலம் இங்க இருந்தா நீங்க கையெழுத்துப் போடுவீங்களா? அத மட்டும் சொல்லுங்க, நாங்க போட்டுர்றோம்."

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, நம்பித்தான் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது.

"போட மாட்டேன்" என்றேன். "நான் உங்க ஆளா வரல. வியாபாரியோட ஆளா வந்திருக்கேன்."

அவர்கள் என்னை நம்பிச் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதற்காகத்தான் வியாபாரி என்னைப் பிடித்தார் என்பதையும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. தாள்களை மேசைமேல் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். போன தடவை சோறு போட்டு அனுப்பிய செல்வி, ஜீப் நிற்கும் இடம் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

திரும்பும் வழியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அழும்போதுதான் புரிந்தது, வேண்டுதல் பலித்திருக்கிறது. குடும்பங்கள் தப்பிவிட்டன. மானத்தைக் காப்பாற்றச் சொன்னதை மட்டும் அம்மன் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நான் தேறியிருக்க மாட்டேன்.

வியாபாரி அன்றைக்கே என்னை விலக்கிவிட்டார். சுமதியிடம் மன்னிப்புக் கேட்டேன், அம்மன் முன்னாலும் விழுந்து கேட்டேன். இப்போது புது வேலை வந்தால், அதனால் பாதிக்கப்படக்கூடிய பழைய ஆட்களிடம் முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கூடாது என்றால் விட்டுவிடுகிறேன். வேலை குறைவுதான். வட்டவடையிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுங்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதையும் இல்லை.

போன மாதம் மூணாறில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் ஆலோசனை கேட்டுப் பேசினார். என் நம்பரைக் கொடுத்தது வட்டவடைச் செல்வி என்றார். அவர் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தப்பு பண்ணாலும் மொகத்துக்கு நேரா சொல்லிருவாருன்னாங்க சார்."

போனை வைத்த பிறகும் தலை நிமிரவில்லை. எனக்குக் கிடைத்த நற்சான்று இது ஒன்றுதான். இதுவும் அம்மன் கொடுத்ததுதான்.

அன்பர்களே, உங்களையும் ஒருநாள் இரண்டு பக்கமும் இழுக்கும். அம்மனிடம் கேளுங்கள், கட்டாயம் வழி காட்டுவாள். அந்த வழி நாலு பேர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்தாலும் நடந்துவிடுங்கள். நான் குனிந்தேன். அவளுக்கு முன்னால் நிற்க இப்போது எனக்குப் பயமில்லை.