கொடியில் விரித்த போர்வை

கால் கடுக்க பஸ்ஸில் நின்று, கண்டக்டர் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ராஜபாய் பாறசாலையில் கட்டியது ஒரு சாதாரண மொட்டைமாடி வீடு. அதற்கு நேர் எதிரே, அவள் கொழுந்தன் பெண்டாட்டி ஷெமி பிரெஞ்சு பாணியில் ஒரு மாளிகையையே எழுப்பிவிட்டாள். பருத்த வெள்ளைத் தூண்கள், ஆளுயரத்துக்கு வளைவு ஜன்னல்கள், அச்சில் வார்த்ததுபோல் இடமும் வலமும் ஒத்துப்போகும் முகப்பு, அதற்குமேல் செங்குத்தாகச் சரியும் சாம்பல் நிறக் கூரை. அந்தப் புது வீட்டின் பிரதிஷ்டை ஜெபத்தன்று ராஜபாய்க்குப் பிரியாணி தொண்டையில் இறங்கவில்லை. மூலை மூலையாகத் துருவி ஒரு குறையைக் கண்டுபிடித்த பிறகுதான் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. மொட்டைமாடியே இல்லாத அந்த வீட்டில் துணி காயப்போட இடமில்லை!

மறுவாரமே ஷெமி ஈரத்துணி வாளியோடு ராஜபாயின் மாடிக்கு ஏறி வந்தாள். "முற்றத்தில கொடி கெட்டினா வீட்டுக்க அழகே போயிரும்ணு இஞ்சினியர் சொல்லியாரு, அக்கா."

"அதுக்கென்ன, இங்க போடு," என்றாள் ராஜபாய். உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

துணியை உதறிய ஷெமி அப்படியே எதிரே தன் வீட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். "உள்ள கிடக்கிற எங்களுக்கு இந்தக் காட்சி கிடைக்கல்ல, கேட்டியளா. எந்நேரமும் இத பாத்துட்டே இருக்கலாம். நீங்க குடுத்து வச்சவங்கதான், அக்கா."

அவள் இறங்கிப் போனதும், காய்ந்து மடித்துவைத்திருந்த போர்வைகளையெல்லாம் ராஜபாய் தூக்கி வந்து, எதிர்வீடு தெரியாதபடி கொடி முழுக்க விரித்துப் போட்டாள்.