மேரியக்காவின் ஒற்றைக் காது

பாட்டுப் பெட்டியைத் திறக்கிறது லேசு. மூடேக்கை எப்பவும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். என்னைப் போலக் கை சும்மா இருக்காத வருத்தக்காரர் உங்களிலையும் இருப்பியள், விளங்கும்.

இத்தாலியின்ரை பலேர்மோவிலை, கிழமை நாளிலை பிரான்காச்சோப் பகுதிப் பட்டறை ஒண்டிலை வேலை. ஞாயிறு பூசை முடிஞ்சால் குசினி மேசையிலை சோல்டரிங் அயனோடை இருப்பன். எங்கடை ஆக்கள் வேலை செய்யிற வீடுகளிலை வீட்டுக்காரர் போன் பாவிக்க விடாயினம். தீப்பெட்டி அளவு எம்பி3 பிளேயரைக் கண்டும் காணாமல் விடுவினம். அது பழுதெண்டால் எங்கடை சனம் தூக்கிக்கொண்டு என்னட்டை வருவினம். முதல் ஆள் மன்னார் மேரியக்கா. லிபெர்த்தா வீதியிலை தொண்ணூறு வயசு வீட்டுக்கார அம்மா ஒருத்தியை, அக்கா சொல்லுற சிஞ்ஞோராவை, பராமரிக்கிறா. வருசக் கடைசியிலை வேலை ஒப்பந்தம் புதுப்பிக்காட்டில் பெர்மெஸ்ஸோ எண்ட வதிவிட அனுமதியும் இல்லை, பிறகு ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பாடுறவர் காணாமல் போனார்

ஒரு காது பாட்டுக்கு, மற்றது சிஞ்ஞோராவுக்கு எண்டு அக்கா கேட்டா. நான் பெரிய விண்ணன் மாதிரி இயர்போனிலை வலது பக்க வயரை வெட்டி எறிஞ்சன். பழைய பாட்டுகளிலை பாடுறவர் ஒரு பக்கம், வாத்தியம் மற்றப் பக்கம் எண்டது மண்டையிலை ஏறேல்லை. ரெண்டையும் ஒண்டாச் சேர்த்தெல்லோ விட்டிருக்க வேணும். அடுத்த ஞாயிறு கோயில் வாசலிலை மறிச்சா.

"தம்பி, ஒரு கிழமையா வயலின்தான் கேக்குது. பாடுறவரை எங்கை ஒளிச்சு வைச்சனீ?"

பத்து மணித்தியாலப் பற்றரி

ரெண்டையும் சேர்த்து அது சரிவந்தால் பற்றரி மத்தியானத்துக்கு முதலே செத்துப்போகுதாம். பழைய போன் பற்றரியைச் செருகினன். மூடி மூடேல்லை, கறுப்பு டேப்பாலை சுத்திவிட்டன். பாட்டு பின்னேரம் வரை ஓடினது. அதுதான் வினை. அக்கா கத்தரிக்காய் பொரிச்சுக்கொண்டு தானும் சேர்ந்து பாடியிருக்கிறா, சிஞ்ஞோரா அடிச்ச கைமணி கேக்கேல்லை. மனுசி தனிய எழும்பப் பாத்து வழுக்கி நிலத்திலை இருந்திட்டா. நல்லகாலம், காயமில்லை. இன்னொருக்கால் இப்பிடி நடந்தால் ஒப்பந்தம் இல்லையெண்டு சிஞ்ஞோராவின்ரை மகள் சொல்லிப்போட்டா.

"பற்றரி பத்து மணித்தியாலம் நிக்குது தம்பி. நான்தான் அந்த வீட்டிலை நிப்பனோ தெரியேல்லை."

மணிக்கு நிக்கிற பாட்டு

கைமணிச் சத்தம் கேட்டால் பாட்டை நிப்பாட்டுற மாதிரி ஒரு மைக்கும் சர்க்கிட்டும் வைச்சன். பெட்டி சவர்க்காரக் கட்டி அளவுக்கு வந்திட்டுது. பலேர்மோவிலை மணி ஒண்டோ ரெண்டோ! கோயில் மணி, மோட்டச்சைக்கிள் ஹோர்ன், மூண்டு சில்லு வண்டியிலை மரக்கறி விக்கிறவன்ரை கூவல், எல்லாத்துக்கும் பாட்டு நிண்டது. நிண்ட ஒவ்வொருக்காலும் அக்கா சிஞ்ஞோராவிட்டை ஓடினா, ஒரு நாளைக்கு இருபது தரம். போனதுக்குத் தலையணையைச் சரிப்படுத்துவா, தண்ணி குடுப்பா, கொஞ்சம் கதைப்பா.

மூண்டு கிழமையிலை மகள் ஒப்பந்தத்திலை கையெழுத்துப் போட்டிட்டா. கூப்பிடாமலே வந்து பாக்கிற ஆள் பெத்த பிள்ளையளுக்குள்ளையும் இல்லையெண்டு தாய் சொன்னாவாம். எண்டாலும் பிழை பிழைதானே, மைக்கைச் சரிப்படுத்திவிடுவம் எண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தன். அக்கா பெட்டியைப் பறிச்சுக் கைப்பைக்குள்ளை வைச்சா.

"தொடாதை தம்பி. மனுசி நான் வருவன் எண்டு கதவையே பாத்துக்கொண்டு கிடக்கிறா."

நான் ஒழுங்காச் செய்த வேலையாலை அக்காவுக்கு வேலை போகப் பாத்தது, பிழையாச் செய்த வேலைதான் பெர்மெஸ்ஸோ எடுத்துக் குடுத்தது.