பாறை மேல் பாதி ஊர்

பர்மியத் தலைநகரில், பசுந்தாங் பேட்டையில் எங்கள் வீடு நான்காவது மாடியில். அந்தத் தெருவில் யாரும் யார் வீட்டுக்கும் படியேறிப் போவதில்லை. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் மணி கட்டிய கயிறு ஒன்று தெருவரை தொங்கும். வேண்டியவர்கள் அதை இழுத்தால் போதும். கதவைத் தட்டுகிறவர்கள் சர்க்கார் ஆட்கள் மட்டும்தான். அந்நியர் பதிவுச் சீட்டைக் கேட்டு வருவார்கள்.

அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் சொந்த ஊருக்குக் கப்பலேறிய பிறகு நான் மட்டும் தங்கிவிட்டேன். வேலையை விட மனமில்லை, பிடிவாதம் வேறு. நகர நடுவே கியாக்டடாவில் ஒரு வங்கியில் டைப்பிஸ்ட். சர்க்கார் அந்த வங்கியை எடுத்துக்கொண்டு, பெயர்ப் பலகையை இறக்கி வெறும் எண் பலகை ஒன்றை மாட்டியிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் மதர் வந்து கயிற்றை இழுப்பார். பள்ளியில் எனக்குப் பாடம் எடுத்த கன்னியாஸ்திரி, லக்சம்பர்க்காரர். முழங்கால் வலியால் படி ஏறமாட்டார். கயிற்றில் தூக்குப் பாத்திரம் கட்டித் தேநீர் இறக்குவேன். குடித்துக்கொண்டே கீழேயிருந்து கத்திப் பேசுவார்.

"எங்க ஊரும் இப்படித்தான், மகளே. பாதி ஊர் பாறை மேல, பாதி பள்ளத்துல, ஆத்தோரம்."

பாறைக்குள் மைல் கணக்கில் சுரங்கம் தோண்டிய கோட்டையாம். பெரிய நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டு மதிலை இடிக்க வைத்தனவாம். இப்போது அங்கே புதிது புதிதாக வங்கி திறக்கிறார்களாம். எனக்கு எரிச்சலாக வரும். இங்கே பலகையை இறக்குகிறார்கள், அங்கே மாட்டுகிறார்களா!

பிறகு வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேற வேண்டுமென்று உத்தரவு வந்தது. போவதற்குள் மதர் ஒருமுறையாவது என் வீட்டுக்குள் வந்து உட்கார மாட்டாரா என்று தவித்தேன். அந்த முழங்காலைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

ஒரு பிற்பகல் கதவைத் தட்டும் சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றேன். மறுபடியும் தட்டினார்கள். நான் அசையவில்லை. பிறகு படியிறங்கும் சத்தம் கேட்டது. ஒரு காலை வைத்து, மறு காலை இழுத்து. அப்போதுதான் புரிந்தது. பதறிக் கதவைத் திறந்து ஓடினேன்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் மதர் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"வாங்க மதர், ஒரு மாடிதான்."

"இனி முடியாது, மகளே. வண்டி நிக்குது."

பக்கத்தில் உட்கார்ந்தேன். "சொந்த ஊருக்குப் போறீங்க, சந்தோஷம்தானே?" என்றேன்.

"அங்க எனக்கு யாரு இருக்கா? எங்க வீடு இருந்த இடத்துலயும் வங்கி கட்டிட்டாங்களாம்."

எனக்கும் இங்கே யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கீழே ஹாரன் அடித்தார்கள். தோளில் தாங்கி இறக்கிக் கொண்டுபோய் விட்டேன்.

திரும்பி ஏறும்போதுதான் அழுகை வந்தது. கதவு நான் விட்டு வந்தபடியே திறந்து கிடந்தது. உள்ளே போகவே பிடிக்கவில்லை.