அப்பா நடந்த பக்கம்

இன்று காலை விஜயநகர் பூங்காவுக்குள் நுழைந்ததுமே செண்பகப்பூ மணத்தது. அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் கொள்ளேகாலிலிருந்து நாங்கள் மைசூருக்குக் குடிவந்த புதிது. அப்பாவுக்குப் பேச ஆளில்லை. "ஊருக்கே போயிரலாம்" என்று தினமும் புலம்புவார். எனக்கோ புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது. போகக்கூடாது என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டே இருந்தேன்.

"புள்ளையக் கூட்டிக்கிட்டுக் காலாற நடந்துட்டு வாங்க" என்று அம்மா எங்களைப் பூங்காவுக்கு விரட்டினாள்.

அங்கே நடுவில் அரசமரத்தடிப் பிள்ளையார். என்ன பழக்கமோ, எல்லாரும் அவருக்கு இடமாகவே சுற்றி நடந்தார்கள். அப்பா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு வலமாக நடந்தார். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் எதிரே வந்தார்கள்.

"ஏன் ஸ்வாமி, ராங் சைடா?" என்றார் தொப்பி போட்ட ஒரு பென்ஷன்காரர்.

"சாமியை இடமாச் சுத்தலாமுங்களா? நீங்கதானுங்க ராங்கு!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த சுற்றில் ஊரைக் கேட்டார். அதற்கடுத்த சுற்றில் காபிக்கே கூப்பிட்டுவிட்டார். போகப்போக, அப்பாவிடம் பேசாதவரே பூங்காவில் இல்லை. மழையிலும் குடையோடு கிளம்பினார். தசரா லீவுக்கு ஊருக்குப் போனால், மறுநாளே, "பார்க்குல தேடுவாங்க, கிளம்பலாம்" என்றார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நானும் வலமாகத்தான் நடக்கிறேன். இன்று காதில் பாட்டு மாட்டிய பெண் ஒருத்தி எதிரே வந்துகொண்டேயிருந்தாள். மூன்றாம் சுற்றில் அதைக் கழற்றி, "ஆன்ட்டி, ராங் சைடு!" என்றாள்.

பிள்ளையாரப்பா, ஆரம்பித்துவிட்டாய்.