கருடனுக்குக் காவல்

இரண்டு வாரமாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன். வயது முப்பத்து நான்கு. ஆபீசில் எனக்குக் கீழே பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஒரு பெண்தான், பழைய டிவி கேம்களையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரிலேயே ஆடலாம் என்று ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தாள். "சும்மா பாருங்க மேடம், டைம் பாஸ்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஊறவைத்த துணி திங்கட்கிழமைதான் கொடிக்குப் போகிறது.

பல வருடம் கழித்து மறுபடி ஆடும்போது சில ஆட்டங்களின் சாயம் வெளுத்துவிடுகிறது. அந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் போய் நான் பெரிதாக நினைத்திருந்தேனே! வண்டி மேட்டில் ஏறுகிறது, குப்புற விழுகிறது, இஞ்சின் சூடானால் நடுரோட்டில் நின்றுவிடுகிறது. காலை ஒன்பது மணிக்கு ஓசூர் ரோட்டில் என் ஸ்கூட்டரும் இதையேதான் செய்கிறது. மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கும் ஆட்டத்தில் நான் அன்றும் தேறவில்லை, இன்றும் தேறவில்லை. என் சமையலறை அலமாரியைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வாத்து சுடும் ஆட்டத்தில் குறி தவறினால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து சிரிக்கும். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், யாரையும் சுட வேண்டும் என்று தோன்றியதில்லை. அந்த நாயை மட்டும் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

டாங்கி ஆட்டம் வேறு மாதிரி. திரையின் அடியில், செங்கல் சுவருக்குள் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். மேலிருந்து எதிரி டாங்கிகள் வந்துகொண்டே இருக்கும். நம்முடைய டாங்கி வெடித்தால் இன்னொன்று கிடைக்கும். பறவைமேல் ஒரே ஒரு குண்டு பட்டால் போதும், எல்லாம் முடிந்தது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். மஞ்சள் டாங்கி என்னுடையது. பச்சை டாங்கி என் மாமியாருடையது.

நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி விவேக் நகருக்கு வந்தது தொண்ணூறுகளின் பிற்பகுதியில். கணவர் வீட்டார் மூன்று தலைமுறையாகப் பெங்களூர்க்காரர்கள். மாமனார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து காலமானவர். மாமியார் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். கோபம் வந்தால் இரண்டையும் விட்டுவிட்டுப் பாத்திரங்களைப் பேசவிடுவார். வந்த மூன்றாம் நாள் அவர் வைத்த சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அத்தை, இதுல பாயசம் ஏதாவது கொட்டிடுச்சா?" என்று கேட்டேன். சத்தியமாகக் கிண்டல் இல்லை. சாம்பாரில் வெல்லம் போடும் ஊர் இது என்று யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அதன்பின் நான்கு மாதம் நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் கணவர் வழியாகத்தான். "அவளுக்கு இஷ்டமில்லன்னா அவளையே சாம்பார் வெச்சுக்கச் சொல்லுடா" என்பார் மாமியார். நான் ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருப்பேன். கணவர் என் பக்கம் திரும்பி அதை ஒரு வார்த்தை குறையாமல் திரும்பச் சொல்வார். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். இந்தப் பக்கம் போட்டதை அந்தப் பக்கம் எடுப்பது அவருக்குப் பழக்கம்.

அவர்தான் ஒரு நாள் மெஜஸ்டிக் கடைத்தெருப் பக்கம் போய், தனக்கென்று ஒரு வீடியோ கேம் பெட்டியும் ஒரு கேசட்டும் வாங்கிவந்தார். இரண்டு நாள் ஆடினார். மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து வந்து, ஜாய்ஸ்டிக்கைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனார். அடுத்த நாள் மதியம் அதை நான் எடுத்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினேனோ, இரண்டு பேர் ஆடும் ஆட்டம் தொடங்கிவிட்டது. மாமியார் பின்னால் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பச்ச வண்டி ஏன் சும்மா நிக்குது?"

நான்கு மாதத்தில் அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"அது ரெண்டாவது ஆளுக்கு, அத்தை."

கத்தியைத் தட்டில் வைத்தார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குப் பீன்ஸ் பாதிதான் நறுக்கியிருந்தது.

முதல் மாதம் எதிரிகளைவிட ஒருவரையொருவர் சுட்டதுதான் அதிகம். கூட்டாளியின் குண்டு பட்டால் நம் டாங்கி சாகாது, கொஞ்ச நேரம் அசைய முடியாமல் மினுக்கிக்கொண்டு நிற்கும். "தெரியாமப் பட்டுடுச்சு அத்தை" என்பேன். "எனக்கும் தெரியாமத்தான்" என்பார் அடுத்த நொடியில். சாம்பார் சண்டை அங்கேதான் தீர்ந்தது என்று நினைக்கிறேன். மனதில் இருந்ததையெல்லாம் சுட்டுத் தீர்த்த பிறகு எங்களுக்குப் பேச வேறு விஷயம் வேண்டியிருந்தது. வியாழக்கிழமைகளில் பக்கத்து சர்ச்சுக்கு வரும் கூட்டத்தில் தெருவே திணறும்போதும், கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் டாங்கியைப் பற்றித்தான் பேசினோம்.

ஒரு நாள் பறவை வெடித்தபோது மாமியார் திரைக்கு அருகே போய் உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, இது கருடன் இல்ல?"

"ஏதோ பறவை அத்தை. வெளிநாட்டுக்காரன் போட்டிருக்கான்."

"எந்த நாட்டுக்காரன் போட்டா என்ன? கருடன் கருடன்தான். அய்யோ ராமா, இத்தன நாளா இவரையா சாகவிட்டோம்?"

அவர்கள் பெருமாள் குடும்பம். வானத்தில் கருடன் வட்டமிட்டால் மாமியார் பஸ் வந்தாலும் ஏறாமல் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். அன்று முதல் பச்சை டாங்கி அந்தச் செங்கல் சுவரைவிட்டு ஒரு அங்குலம் நகரவில்லை. "கருடன நா பாத்துக்கறேன். நீ போ" என்றார். நான் போனேன். இந்த ஆட்டத்துக்கு அதைவிட நல்ல உத்தி கிடையாது என்று பிறகு புரிந்தது. ஐந்தாவது ஸ்டேஜில் செத்துக்கொண்டிருந்தவர்கள் பதினெட்டாவது வரைக்கும் போனோம்.

ஆவணியில் எனக்கு ஒரு வேலை வந்தது. பொம்மனஹள்ளியில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஆயுத பூஜை முடிந்து வரும் திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன், அதைப்போல வேறு எதையும் நான் அதுவரை விரும்பியதில்லை. ஊரில் கம்ப்யூட்டர் படித்த சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் கிடந்தது, அதை நினைத்தால் எனக்கு அழுகை வரும். கணவரிடம் சொன்னேன். "அம்மாகிட்ட கேளு" என்றார். அன்றிலிருந்து ஒரு வாரம் அவருக்கு ஓவர்டைம்.

"எதுக்கு வேல? இங்க என்ன கொறச்சல்? சும்னிரு" என்றார் மாமியார். நான் சும்மா இருக்கவில்லை. காலையில் கேட்டேன், மாலையில் கேட்டேன், ஆடிக்கொண்டிருக்கும்போதும் கேட்டேன். அந்த ஆட்டத்தில் மொத்தம் முப்பத்தைந்து ஸ்டேஜ் என்று கடைக்காரர் கணவரிடம் சொல்லியிருந்தார். தொந்தரவு தாங்காமல் ஒரு மதியம் மாமியார் சொன்னார்: "முப்பத்தஞ்சையும் முடிச்சுக் காட்டு. அப்பறம் எங்க வேணா போ."

பதினெட்டைத் தாண்டமாட்டோம் என்ற தைரியம்தான் அவருக்கு. ஆனால் ஒரு விஷயத்தை அவர் யோசிக்கவில்லை. நான் ஜெயிக்க வேண்டுமானால் கருடன் பிழைத்திருக்க வேண்டும். அவர் ஜெயிக்க வேண்டுமானால் கருடன் சாக வேண்டும். கருடனுக்குக் காவல் அவர். அதற்குள் புரட்டாசி மாதமும் பிறந்துவிட்டது.

அந்த நாட்களில் அவர் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பச்சை டாங்கியை லேசாக ஒதுக்கினால் போதும், மருமகள் வீட்டோடு இருப்பாள். இருபத்தாறாவது ஸ்டேஜில் ஒரு எதிரி நேராகச் சுவரைப் பார்த்து இறங்கியது. மாமியாரின் விரல் அசையவில்லை. நான் திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு செங்கல் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. "பெருமாளே, புரட்டாசியிலயா இப்பிடி சோதிக்கணும்!" என்று கத்திக்கொண்டே அதைச் சுட்டுத் தள்ளினார். பிறகு என்னைப் பார்த்து, நான்தான் அதை அனுப்பிவைத்தவள் போல முறைத்தார்.

பெட்டியை அணைத்தால் ஆடியதெல்லாம் போய்விடும். எனவே ஆட்டத்தை நிறுத்திவைத்து, டிவியை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை இரவும் பகலும் ஓடவிட்டேன். நான்கு நாள் அப்படி ஓடியது. அடாப்டர் தோசைக்கல்லாய்க் கொதித்தது. அதற்கு டேபிள் பேனைத் திருப்பிவைத்துவிட்டு நான் புழுக்கத்தில் படுத்தேன். அந்த நான்கு நாளும் கரண்ட் போகவில்லை, பெங்களூரில் அதுவே பெரிய அதிசயம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை நாங்கள் முப்பத்து மூன்றில் இருந்தோம்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தேன். கூடத்தில் பூஜைக்குச் சாமான்கள் வரிசையாக இருந்தன. அரிவாள்மனை, கத்தரிக்கோல், கணவரின் ஸ்பானர்கள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். வீடியோ கேம் பெட்டிக்கும் பொட்டு. ஏதோ சந்தேகத்தில் டிவியைப் போட்டேன். திரை முழுக்கப் பாய் பின்னினதுபோல் கோடுகள். கேசட்டை உருவிப் பார்த்தேன். அடியில், பெட்டிக்குள் போய்ச் சொருகும் அந்தப் பித்தளைப் பல்வரிசை முழுவதும் ஈரச் சந்தனம். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துளி குங்குமம்.

"வேணும்னே பண்ணிட்டீங்க!" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன்.

மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். "உள்ள கருடன் இருக்காரேன்னு… பொட்டிக்கு மட்டும் பொட்டு வெச்சா போறுமான்னு… கழட்டி அவருக்கும் வெச்சேன்" என்றார். பிறகு திரையைப் பார்த்தார். "போச்சா? நானே கொன்னுட்டேனா?"

கணவர் பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தார். ஊதினார், குலுக்கினார், வெயிலில் வைத்தார். கருடன் வரவில்லை. பூஜை மதியத்துக்குத் தள்ளிப்போயிற்று. மறுபடியும் நான்கு மாதம் இருவருக்கும் நடுவே தூது போக வேண்டியிருக்குமோ என்று கணவர் பயந்திருக்க வேண்டும், ஸ்கூட்டரைத் துடைக்கிறேன் என்று தெருவுக்குப் போய்விட்டார்.

கற்பூரம் ஏற்றக் கூப்பிட்டபோது போனேன். ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று இருந்தது. பரணில் கிடந்தது, மாமனார் ஆபீசுக்கு எடுத்துப்போனது. புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று, மூடியில் பெரிய குங்குமப் பொட்டோடு நின்றது.

"திங்கக்கெழம இதுல எடுத்துட்டுப் போ" என்றார் மாமியார், என்னைப் பார்க்காமல்.

"முப்பத்தஞ்சு முடியலையே அத்தை."

"கருடனே போனப்பறம் என்ன ஆட்டம்?"

திங்கட்கிழமை பொம்மனஹள்ளியில் அந்தக் கேரியரைத் திறந்தேன். மேல் அடுக்கில் சாம்பார் சாதம். வெல்லம் இருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்த டாங்கி ஆட்டத்தில், தொடங்கும்முன் ஸ்டேஜ் எண் காட்டும் திரையில் கை தவறி வேறு ஒரு பொத்தானைத் தட்டிவிட்டேன். ஒன்று இரண்டானது. இன்னொரு தட்டு, மூன்று. தட்டத் தட்ட முப்பத்தைந்து வரை போயிற்று. எந்த ஸ்டேஜில் வேண்டுமானாலும் தொடங்கலாமாம்! அடாப்டருக்கு நான்கு நாள் விசிறியது எனக்கு நினைவுக்கு வந்தது.

"அத்தை! இங்க வந்து இந்த அநியாயத்தப் பாருங்க!"

பூண்டு உரித்துக்கொண்டிருந்த கையோடு வந்தார். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார், கண்ணாடி போட்டிருக்கிறார். பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"இதுவா? இது எனக்கு அப்பவே தெரியுமே. ஆடி மாசம், நீ குளிக்கப் போனப்ப தட்டிப் பாத்தேன்."

"அப்பவேவா? பின்ன ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ வேல வேலன்னு ஆரம்பிச்சுட்ட. சொல்லியிருந்தா ஒரே மத்தியானத்துல முடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருப்ப. அப்பறம் பகல்ல நா யாரோட ஆடறது?"

இத்தனை வருடம் மாலையில் வீட்டுக்கு வந்ததும் கேரியரை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். பகலெல்லாம் என்ன செய்தீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டேன். பூண்டுத் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பச்சைக்கு எந்தப் பொத்தான்?"

காட்டினேன். "விட்ட எடத்துலேருந்து வெக்கட்டுமா அத்தை? முப்பத்தி மூணு?"

"வேணாம்" என்றார். "ஒண்ணுலேருந்து வை."